யானைக்குக் காணி விட்டவர்களைப் பார்க்கப் போக இருந்தது

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்குக் கோர்வையாக எழுத வராது. ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. எழுதிக்கொண்டு போகும்போதே மேலே என்ன எழுதினேன் என்பது மறந்துவிடும். திரும்பிப் போய் வாசித்துத்தான் அடுத்த வரிக்கு வருவேன். அப்படி வரும்போது சொன்னதையே இரண்டாம் தரம் சொல்லியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் மூத்தோர் சங்கத்தில் ஆண்டு மலருக்குப் பயணக் கட்டுரை கேட்டார்கள். சங்கத்தில் எல்லோரும் சிங்கப்பூர், காசி, கனடா என்று போய் வந்தவர்கள். நான் கடைசி வரிசைக் கதிரையில் இருந்துவிட்டு, தேநீர்க் கோப்பைகளைக் கழுவிவைத்துவிட்டு வீட்டுக்கு வருகிற ஆள். என்னிடமும் கேட்டார்கள். இல்லை என்று சொல்லக் கூச்சமாக இருந்தது, தலையை ஆட்டிவிட்டேன். வீட்டுக்கு வந்து யோசித்தால், நான் போய் வந்த பயணம் என்று ஒன்றும் இல்லை. போவதற்கு ஆயத்தம் செய்த பயணம் ஒன்று இருக்கிறது. அதை எழுதுகிறேன். அந்தப் பயணத்துக்கு ஆசைப்பட்டவர் என் கணவர். அவர் இப்போது இல்லை.

நாங்கள் இலங்கையை விட்டு வந்து, வெஸ்ட்மீட்டில் மகளோடு இருந்தோம். நான் இப்போதும் அங்கேதான். அவருக்கு இரண்டு சிறுநீரகமும் பழுதாகி, கிழமைக்கு மூன்று நாள் இரத்தம் சுத்தப்படுத்துகிற மெசினில் இருக்கவேண்டும். திங்கள், புதன், வெள்ளி. காலை ஏழு மணிக்கு மகள் எங்களை இறக்கிவிட்டு வேலைக்குப் போவாள். போனவுடன் தராசில் நிறுப்பார்கள். பிறகு ஒரு சாய்கதிரையில் இருத்தி, இடது கையில் இரண்டு ஊசி குத்துவார்கள். ஐந்து மணித்தியாலம். கையை அசைத்தால் மெசின் கத்தும். நான் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் கதிரையில் இருப்பேன். ஒவ்வொரு சாய்கதிரைக்கும் ஒரு சின்ன ரீவி உண்டு. அவருக்கு அவ்வளவு ஆங்கிலம் விளங்காது, அதனால் சத்தத்தைக் குறைத்துவிட்டு மிருகங்களைக் காட்டுகிற நிகழ்ச்சிகளைப் பார்ப்பார்.

ஒரு நாள் அப்படிப் பார்த்துக்கொண்டிருந்தவர் என்னைக் கூப்பிட்டார்.

"இஞ்சாருமப்பா, உதைப் பாரும். வேலியைத் தாங்களே பிடுங்கிறாங்கள்."

"ஆர் பிடுங்கிறது?"

"காணிக்காரர்தான். யானை போய்வரட்டுமாம்."

"யானைக்கு வேலி பிடுங்க ஆரும் உதவி செய்யவேணுமோ?" என்றேன்.

அவர் சிரித்தார். கை அசைந்து மெசின் கத்தி, நேர்ஸ் ஓடி வந்தா.

அன்று பின்னேரம் மகளிடம் அந்த நிகழ்ச்சியைத் தேடிப் பிடிக்கச் சொல்லி, அவள் வாசித்துச் சொன்னதில்தான் விபரம் தெரிந்தது. அது கென்யா. அந்த ஊர்ச் சனம் மாடு மேய்க்கிறவர்கள். ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு துண்டுக் காணி உறுதிப் பத்திரத்தோடு இருக்கிறது. ஆளுக்கு ஆள் வேலி போட்டால் யானையும் மானும் போகிற பாதை அடைபட்டுப் போகும். அதனால் அவர்களே கூடிப் பேசி, வேலிகளை எடுத்துவிட்டு, காணிகளை ஒன்றாகச் சேர்த்து மிருகங்களுக்கு விட்டிருக்கிறார்கள். அங்கே வந்து தங்குகிறவர்கள் கொடுக்கிறதில் காணிக்காரருக்குப் பங்கு போகிறது. காவலுக்கு நிற்கிறவர்களும் அந்த ஊர்ப் பிள்ளைகள்தான். தங்கள் மாடுகளை எந்த மாதம் எந்தப் பக்கம் விடுவது என்பதற்கு முறை வைத்திருக்கிறார்கள். ஆங்கிலத்தில் கொன்சர்வன்சி என்று சொல்வதாம். எங்கள் வாயில் அது நிற்கவில்லை. வீட்டில் 'காணி சேர்த்த இடம்' என்றே சொல்லிக்கொண்டோம்.

அவருக்கு அது ஏன் அப்படிப் பிடித்தது என்று சொல்லவேண்டும். இலங்கையில் அவர் வயல் வாய்க்கால் கமிட்டிக்குச் செயலாளராக இருந்தவர். எந்த வயலுக்கு எந்த நாள் தண்ணீர் என்று முறை எழுதுகிற வேலை. ஒரு போகமாவது சண்டை இல்லாமல் முடிந்தது கிடையாது. ஒருமுறை, முறை தவறித் தண்ணீர் திறந்த கமிட்டித் தலைவரையே தட்டிக் கேட்கப் போய், மண்வெட்டிப் பிடியால் அடி வாங்கி, காதுக்கு மேலே தையல் போட்டுக்கொண்டு வந்தவர். அந்தக் கமிட்டியைப் பற்றி அவர் ஒரு நாளும் நல்லதாக ஒரு வார்த்தை சொன்னது இல்லை.

"ஒருக்காப் போய்ப் பார்க்கவேணும்," என்றார். "சிங்கத்தை இல்லை. சிங்கம் இஞ்சயும் கூட்டுக்குள்ள நிக்குது. உந்த மனிசரைப் பார்க்கவேணும். அவங்கள் கூட்டம் வைக்கேக்கை ஒரு மூலையில இருந்து பார்க்கவேணும், ஆர் முதல்ல கத்துறான் எண்டு."

மகள் சிரித்தாள். "ஆபிரிக்காவோ? அப்பா, இஞ்ச பக்கத்தில இருக்கிற பிளாக்டவுனுக்குப் போறதுக்கே காருக்குள்ள சத்தி எடுக்கிற ஆள் நீங்கள்."

"அது உன்ர கார் ஓட்டத்துக்கு."

ஆனால் அவர் விடவில்லை. அடுத்த முறை டொக்டரைப் பார்க்கப் போனபோது, "ஆபிரிக்காவுக்குப் போகலாமோ எண்டு கேள் பிள்ளை," என்றார். மகள் கேட்டாள். டொக்டர் பெண் தன் கதிரையைக் கிட்ட இழுத்துப் போட்டுக்கொண்டு மெதுவாகக் கன நேரம் பேசினா. எனக்கு 'ஹார்ட்' என்ற ஒரு சொல் மட்டும் விளங்கியது. மகள் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டாள். பிறகு தகப்பன் பக்கம் திரும்பி, "இப்ப வேண்டாமாம் அப்பா. உடம்பு கொஞ்சம் தேறட்டுமாம். பிறகு பாப்பமாம்," என்றாள். அவ்வளவு நேரம் பேசியதற்கு இவ்வளவுதானா என்று நான் நினைத்தேன். அவர் நினைக்கவில்லை. டொக்டருக்குக் கும்பிடு போட்டுவிட்டு எழுந்தார்.

வீட்டுக்கு வந்து அவர் படுத்த பிறகு, குசினியில் வைத்து மகள் எனக்கு உண்மையைச் சொன்னாள். இருதயம் நன்றாகப் பலவீனப்பட்டுவிட்டதாம். மெசின் இனி ஒரு நாளும் நிற்காதாம். அந்த மெசினையும் இருதயம் கன காலம் தாங்காதாம். மாதங்கள் என்று நினைத்துக்கொள்ளச் சொன்னாவாம்.

"அப்பாவுக்குச் சொல்லாதேங்கோ அம்மா. மனம் விட்டிடுவார்."

"ஓம்," என்றேன்.

எங்கள் ஆட்களில் அப்படித்தானே. நோய் வருத்தம் யாருக்கோ அவருக்குக் கடைசியாகத்தான் தெரியும். சில வேளை தெரியாமலே போய்விடும். என் தாய்க்கும் நாங்கள் சொல்லவில்லை, மாமிக்கும் சொல்லவில்லை. அதை நாங்கள் பொய் என்று நினைப்பதில்லை. மகளும் இங்கே வந்து இத்தனை வருடம் வேலை செய்தும், இந்த ஒன்றில் எங்கள் பிள்ளையாகவே இருந்தாள்.

'பிறகு பாப்பம்' என்றதை அவர் 'பிறகு போகலாம்' என்று எடுத்துக்கொண்டார். அன்றிலிருந்து ஆயத்தம் தொடங்கியது.

மகள்தான் இணையத்தில் தேடி ஓர் இடத்தைக் கண்டுபிடித்தாள். அவரைச் சந்தோஷமாக வைத்திருக்க அவள் நினைத்திருக்கவேண்டும். அது காணி சேர்த்த இடம் ஒன்றின் நடுவில் உள்ள கூடாரத் தங்குமிடம். அவர்கள் அதைக் காம்ப் என்று எழுதியிருந்தார்கள். எனக்கு அந்தச் சொல் ஒத்துவராது, யுத்தத்தில் இடம்பெயர்ந்து நாங்கள் இருந்த காம்புகள் வேறு. ஆகையால் தங்குமிடம் என்றே எழுதுகிறேன். வருகிறவர்களுக்குப் பதில் எழுத அங்கே ஒரு பெண் இருந்தாள். அந்த ஊர்ப் பெண்தான், அவளுடைய தகப்பனுக்கும் அந்தக் காணியில் ஒரு துண்டு. படம் அனுப்பியிருந்தாள். மெலிந்த பிள்ளை, கழுத்தில் மணிமாலை, சிரிக்கும்போது ஒரு கண் சின்னதாகும்.

அவர் கேள்வி சொல்வார், நான் எழுதுவேன். அவருடைய கை ஊசியில் இருக்கும். எழுத மற்றக் கை இருந்தாலும் தாளை யார் அழுத்திப் பிடிப்பது? பழைய கலண்டர்த் தாளின் பின்பக்கத்தில் எழுதுவேன். சனிக்கிழமை மகள் அதை ஆங்கிலத்தில் மாற்றி அனுப்புவாள்.

முதல் கேள்வி, மாட்டு முறைக்குக் கணக்கு வைப்பது யார், முறை தவறி மாட்டை உள்ளே விட்டால் என்ன செய்வீர்கள் என்பது. அவள் எழுதினாள்: கமிட்டி இருக்கிறது, குற்றப்பணம் போடும். போன வறட்சியில் கமிட்டியில் இருந்த பெரியவர் ஒருவருடைய மாடுகளே உள்ளே பிடிபட்டன. அவர் இரண்டு நாள் கத்தினார், மூன்றாம் நாள் ஓர் ஆட்டைக் கொண்டுவந்து கட்டிவிட்டுப் போனார்.

மகள் இதை வாசிக்க அவர் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். "பாத்தீரே, எங்கட கமிட்டித் தலைவரை மாதிரி அங்கயும் ஒருத்தர் இருக்கிறார். ஆனால் எங்கட ஆள் ஆடு தரேல்லை."

"தந்தவர்தானே, மண்வெட்டிப் பிடியால," என்றேன்.

இரண்டாவது, யானை வந்து தோட்டத்தை அழித்தால் நட்டத்துக்கு யார் பொறுப்பு என்பது. அரசாங்கத்துக்கு எழுதிப் போடுவோம், பதில் வரக் கன காலம் எடுக்கும் என்று வந்தது. "அங்கயும் அப்பிடித்தானோ," என்றார், அன்று முழுக்க வேறு கேள்வி சொல்லவில்லை.

மூன்றாவது கேள்விதான் அவருக்கு முக்கியம். வெளியாள் ஒருவர் அவர்களுடைய கூட்டத்தில் இருந்து பார்க்கலாமா? அந்தப் பெண் கமிட்டியிடம் கேட்கவேண்டும் என்று எழுதினாள். பதில் வர இரண்டு கிழமையாயிற்று. அந்த இரண்டு கிழமையும் அவர் மகள் வேலையால் வந்து செருப்புக் கழற்ற முதலே, "வந்ததோ?" என்று கேட்பார். கடைசியில் வந்தது. வரலாமாம். மரத்துக்குக் கீழ்தான் கூட்டம். ஆனால் சும்மா இருந்து பார்க்க முடியாதாம். வருகிற விருந்தாளி எழுந்து, தன்னுடைய இடத்தில் இந்த விஷயத்தை எப்படிச் செய்தார்கள் என்று சொல்லவேண்டுமாம்.

அவருக்குப் பயமும் பிடித்துக்கொண்டது, சந்தோஷமும் பிடித்துக்கொண்டது. "நான் என்னத்தைச் சொல்லுறது? நாங்கள் அடிபட்டதையோ?"

"அதைத்தான் சொல்லுங்கோவன்."

"மரியாதையில்லை அது."

ஆனாலும் மெசினில் இருந்துகொண்டு என்ன பேசுவது என்று யோசிக்கத் தொடங்கினார். சில நாள் உதடு அசையும். நான் கேட்டால், "ஒண்டுமில்லை" என்பார்.

மற்ற ஆயத்தங்களும் நடந்தன. மழை இல்லாத மாதமாகப் பார்த்து அடுத்த வருட ஓகஸ்ட் என்று முடிவாயிற்று. தலைநகரிலிருந்து சின்ன விமானத்தில் போகவேண்டும், அது புல்லில் வந்து இறங்கும். அதற்குப் பதினைந்து கிலோ பைதான் கொண்டுபோகலாம், அதுவும் சில்லு இல்லாத துணிப் பை. பிளாஸ்டிக் பை அந்த நாட்டுக்குள்ளேயே கொண்டுபோகக் கூடாது. கடும் நீலமும் கறுப்பும் உடுத்தக் கூடாது, அந்த நிறத்துக்கு ஒருவகை ஈ வரும். அவர் மண்நிறத்தில் இரண்டு சேட் வாங்கச் சொன்னார். வாங்கினோம். துணிப் பையும் வாங்கினோம். ஒரு வெள்ளிக்கிழமை அதை நிரப்பி, கையோடு கொண்டுபோய், நோயாளிகளை நிறுக்கிற தராசில் தனக்கு முதல் பையை வைத்தார். பன்னிரண்டு கிலோ. நேர்ஸ், "இன்றைக்கு நீங்கள் நன்றாக மெலிந்துவிட்டீர்கள்," என்று சைகையால் சொல்லிச் சிரித்தா. பக்கத்துச் சாய்கதிரைக்காரரும் சிரித்தார். எல்லோரும் சிரித்தார்கள். நான் கழிவறைக்குப் போகிறவள் மாதிரி எழுந்து போனேன்.

நான் எழுதின ஒவ்வொரு கேள்வியும் எனக்குத் தெரிந்தே எழுதினது. ஓகஸ்ட் வராது என்று தெரியும். தெரிந்துகொண்டு, முத்து முத்தாக எழுதினேன். அவர் சொல்லும்போது, "கொஞ்சம் மெதுவாச் சொல்லுங்கோ, எழுத்துப் பிழைச்சிடும்," என்றுகூடச் சொல்லியிருக்கிறேன்.

பிறகு அந்தப் படிவம் வந்தது. தங்க வருகிறவர்கள் நிரப்பவேண்டிய தாள். மகள் சாப்பாட்டு மேசையில் கணினியை வைத்து ஒவ்வொன்றாகக் கேட்டு நிரப்பினாள். பெயர், வயது, மாட்டிறைச்சி சாப்பிடுவீர்களா, தனிக் கட்டிலா இரட்டைக் கட்டிலா. அதற்குக்கூட அவர் பகிடி விட்டார். அடுத்ததை வாசிக்கும்போது மகளின் குரல் இறங்கியது. உடல்நிலை சம்பந்தமாக நாங்கள் அறிந்திருக்கவேண்டியது ஏதும் உண்டா, அதற்கு என்ன ஒழுங்கு செய்யவேண்டும்?

அவள் என்னைப் பார்த்தாள். நான் அவரைப் பார்த்தேன்.

"ஒண்டும் இல்லை எண்டு போடு," என்றார் அவர். "வருத்தக்காரன் எண்டால் வரவேண்டாம் எண்டு சொல்லிப்போடுவாங்கள். அதுக்குள்ள எனக்கு மெசின் நிண்டிடும்தானே. டொக்டர் உடம்பு தேறட்டும் எண்டவ எல்லே."

மெசின் நின்றுவிடும் என்று அவர் நினைத்துக்கொண்டிருப்பது எங்களுக்கு அன்றுதான் தெரியும். மகள் கணினியிலிருந்து கையை எடுத்துவிட்டாள். அந்த இடத்தில் யாராவது ஒருவர் வாய் திறந்திருக்கவேண்டும். இப்போது நினைத்தால் நான்தான் திறந்திருக்கவேண்டும். நாற்பத்தாறு வருடம் அவரோடு குடும்பம் நடத்தியவள் நான். எனக்கு வாய் வரவில்லை. மகள் 'ஒன்றும் இல்லை' என்று அடித்து அனுப்பினாள்.

அடுத்த வருடம் பங்குனியில் ஒரு நாள் மகளுக்குக் காய்ச்சல். வீட்டை விட்டு வெளியே வர முடியாமல் கிடந்தாள், அவரும் நானும் டாக்சியில் போனோம். அன்றைக்குப் பார்த்து டொக்டர் மெசின் நடக்கிற இடத்துக்கே வந்தா. மகள் இல்லாததால் போனில் மொழிபெயர்ப்பாளரைக் கூப்பிட்டார்கள். போனை அவருடைய மடியில் வைத்துச் சத்தமாகப் பேசவிட்டார்கள். இந்தியத் தமிழ்க் குரல், இளம் வயது ஆண்பிள்ளை.

"வணக்கம் ஐயா. டாக்டர் என்ன சொல்றாங்களோ அதை அப்படியே சொல்வேன். நானா எதையும் கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன். சரிங்களா?"

"சரி தம்பி," என்றார் என் கணவர்.

டொக்டர் ஒரு வசனம் சொல்லிவிட்டு நிறுத்துவா. அந்தப் பிள்ளை அதைச் சொல்வான். பிறகு அடுத்தது.

"உங்க இதயம் போன தடவையை விட இன்னும் பலவீனமா இருக்குன்னு சொல்றாங்க."

டொக்டர் அடுத்த வசனத்தைச் சொன்னா.

"டயாலிசிஸ் செய்றதே இப்ப இதயத்துக்குக் கஷ்டமா இருக்காம். ஆனா இது இல்லாம உடம்பு தாங்காது. நிறுத்தினா சில நாள்லயோ சில வாரத்துலயோ உயிர் போயிடும். தொடர்ந்து செய்றதா, போதும்னு விடறதா, அதை முடிவு பண்ண வேண்டியது நீங்கதான்னு சொல்றாங்க."

என் கணவர் போனைப் பார்த்துக்கொண்டு இருந்தார். "தம்பி," என்றார், "மெசின் பிறகு நிண்டிடும் எண்டுதானே எனக்குச் சொன்னவை. ஓகஸ்டில கென்யாவுக்குப் போறன். அதைக் கேளுங்கோ."

அவன் கேட்டான். டொக்டர் என்னைப் பார்த்தா, பிறகு அவரைப் பார்த்துப் பேசினா.

"நிக்காதுங்க ஐயா. இது முதல்லயே உங்க மக மூலமா உங்களுக்குச் சொல்லியாச்சுன்னு டாக்டர் சொல்றாங்க. நீங்க பயணம் போறது பாதுகாப்பு இல்லைன்னும் அப்பவே சொன்னாங்களாம்."

"எவ்வளவு காலம் எண்டு கேளுங்கோ."

அவன் கேட்டுச் சொன்னான். "மாசக்கணக்குங்க ஐயா. வருஷம்னு சொல்ல மாட்டேன்கிறாங்க." பிறகு அந்தப் பிள்ளையின் குரல் கொஞ்சம் மாறியது. "வேற ஏதாவது கேக்கணுமாங்க?"

"இல்லைத் தம்பி. நல்லாச் சொன்னியள்."

டொக்டர் அவருடைய தோளைத் தொட்டுவிட்டுப் போனா. அவர் என் பக்கம் திரும்பினார்.

"நீரும் தெரிஞ்சுகொண்டுதான் எழுதினனீரோ?"

"ஓம்."

"எல்லாக் கேள்வியுமோ?"

"ஓம்."

அவர் மற்றப் பக்கம் திரும்பிவிட்டார். அன்றைக்கு இன்னும் மூன்று மணித்தியாலம் மிச்சம் இருந்தது. ரீவியில் ஏதோ சமையல் போய்க்கொண்டிருந்தது. அவர் அதை மாற்றவில்லை.

அவர் கத்தியிருந்தால் எனக்கு நல்லது. கத்தவில்லை. மகளையும் ஏசவில்லை. அவள் காலடியில் இருந்து அழுதபோது தலையைத் தடவினார். ஆனால் என்னோடு பேசுவது குறைந்துவிட்டது. தேநீர் வேண்டுமா என்றால் வேண்டும், வேண்டாம். அவ்வளவுதான். மண்நிறச் சேட்டுகளை நான் அலுமாரியில் அடியில் வைத்தேன். அவர் அதைப் பார்த்தார். மெசினை நிறுத்தச் சொல்லவும் இல்லை. திங்கள், புதன், வெள்ளி என்று போய்க்கொண்டிருந்தார், பஸ்ஸுக்கு நிற்கிற ஆள் மாதிரி.

ஒரு சனிக்கிழமை மகளைக் கூப்பிட்டு, "அந்தக் கென்யாப் பிள்ளைக்கு எழுது," என்றார். "நான் வரேல்லை எண்டு எழுது. வருத்தத்தை மறைச்சுப்போட்டன் எண்டும் எழுது. சனத்தைக் கேட்டு எனக்குக் கூட்டத்தில இடம் எடுத்துத் தந்தது அந்தப் பிள்ளை. அதுக்கு நான் பொய் சொல்லிப்போட்டன்."

"நான்தானே அப்பா அடிச்சது."

"நான் சொல்லித்தானே அடிச்சனீ. எழுது."

எழுதினாள். அவர் சொன்ன மாதிரியே எழுதினாள், ஒரு சொல்லும் மாற்றவில்லை என்று எனக்கு நம்பிக்கை.

நாலு நாள் கழித்துப் பதில் வந்தது. அப்போது மகளும் நானும் காரில், மருந்துக்கடை வாசலில் நின்றோம். அவர் வீட்டில். மகள் போனைப் பார்த்து எனக்கு வாசித்துச் சொன்னாள். அந்தப் பெண் கோபிக்கவில்லை. முதலே சொல்லியிருக்கலாமே என்று எழுதியிருந்தாள். கிட்டிய பட்டினத்தில் வைத்தியசாலை இருக்கிறது, அங்கே அந்த மெசின் பற்றி, வெளிநாட்டிலிருந்து வருகிற ஒருவருக்கு இடையில் ஒரு நாள் போடுவார்களா என்று கேட்டிருப்பேன், இப்போதும் வேண்டுமென்றால் கேட்கிறேன் என்று எழுதியிருந்தாள். கூட்டத்தில் அவருடைய இடம் அப்படியே இருக்கிறது என்று பெரியவர்கள் சொல்லச் சொன்னார்களாம்.

மகள் போனைக் கவிழ்த்து மடியில் வைத்தாள்.

"இதை அப்பாவுக்குக் காட்ட ஏலாது அம்மா. காட்டினால் போகத்தான் வேணும் எண்டு நிப்பார். டொக்டர் விடமாட்டா. இன்னொருக்கா உடைஞ்சுபோவார்."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "ஓம்" என்றேன். இவ்வளவும் நடந்த பிறகும் அந்த ஒரு சொல்தான் என் வாயில் வந்தது.

அவர் மூன்று தரமோ நாலு தரமோ கேட்டார். "பதில் வந்ததோ?"

"இல்லை அப்பா."

கடைசித் தரம் என்னிடம் கேட்டார். கன நாளுக்குப் பிறகு அவராக என்னோடு பேசியது அது. "அந்தப் பிள்ளை பதில் போடேல்லையோ?"

"போடேல்லை," என்றேன்.

"கோவமாக்கும்," என்றார். "ஞாயம்தானே. ஆர்தான் கோவிக்கமாட்டினம்."

ஆனி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, மெசின் இல்லாத நாள், காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு கதிரையில் இருந்தபடியே போய்விட்டார். அந்தப் பெண்ணுக்குத் தன்மேல் கோபம் என்று நினைத்துக்கொண்டே போனார். டொக்டர், இது எதிர்பார்த்ததுதான், வேறு எது செய்திருந்தாலும் கூடக் குறைய இதே காலம்தான் என்று சொன்னா. மகள் அதைத் திரும்பத் திரும்பச் சொல்வாள். அவள் சொல்வது சரியாகத்தான் இருக்கும். ஆனால் தகப்பனுக்கு மாற்றிச் சொன்ன அந்த நாக்கு எனக்கும் மாற்றித்தான் சொல்கிறதா என்று இப்போது எனக்குத் தெரிவதில்லை. அவளைப் பார்த்து அப்படி நினைக்கிறேனே என்று என்மேலும் வெறுப்பு வருகிறது. இதைப் பற்றி நாங்கள் இருவரும் பேசுவதில்லை. அந்தக் கடிதங்கள் அவளுடைய கணினியில் இருக்கின்றனவா, அழித்துவிட்டாளா என்று கேட்கவும் எனக்கு வாய் வருவதில்லை.

அதனால்தான் உங்களிடம் கேட்கிறேன். மேலே எழுதினதில் எனக்கு நிச்சயம் இல்லாதவை பல. ஓகஸ்டில் அங்கே மழை இல்லை என்பது சரிதானா, பை பதினைந்து கிலோதானா என்று தெரிந்தவர்கள் பார்த்துத் திருத்துங்கள். ஆனால் எனக்கு வேண்டியது வேறு. அந்தப் பெண் பட்டினத்து வைத்தியசாலையில் அந்த மெசின் இருக்கிறது என்று எழுதினாளா, இருக்கிறதா என்று கேட்கிறேன் என்று எழுதினாளா, எனக்கு ஞாபகம் இல்லை. காரில் ஒருமுறை கேட்டதுதான். கென்யாவில், காணி சேர்த்த இடங்கள் உள்ள பக்கம் போய் வந்தவர்கள், அல்லது அங்கே யாரையாவது தெரிந்தவர்கள் இந்த மலரை வாசித்தால், தயவுசெய்து விசாரியுங்கள். மெசின் உண்டா, வெளியூர் ஆளுக்குப் போடுவார்களா, தங்குமிடத்திலிருந்து அங்கே போக எத்தனை மணித்தியாலம். உண்டு என்றாலும் சொல்லுங்கள், இல்லை என்றாலும் சொல்லுங்கள். சங்கத்துக்கு எழுதினால் போதும், செவ்வாய்க்கிழமைகளில் நான் அங்கே இருப்பேன்.